பயன்: தெரியவில்லை

போனில் ஒரு கூடை.
கடல்தாண்டிய ஏதோ மியூசியத்தின் அலமாரி.
கீழே சென்டிமீட்டர் அளவுகோல்,
விளிம்பில் வெள்ளை மையில் எண்.
'நாகா மலை. பயன்: தெரியவில்லை.'

நெய்செனுவோ அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
இழை எண்ணுகிறாள்.
இரண்டு மேலே, ஒன்று கீழே, அப்புறம்
புள்ளிபுள்ளியாய் உடைந்துபோகிறது படம்.

பெயரிலேயே நெய் இருக்கிறதே என்றேன் ஒருநாள்.
எங்கள் பேச்சில் அதற்கு வேறு அர்த்தம் என்றாள்.
என்னவென்று சொல்லவில்லை.

ஓசூர் சிப்காட்டில் ஒரே லைன், ஒரே நாற்காலி;
அவள் இரவு, நான் பகல்.
அறையிலும் ஒரே கட்டில்.
நான் எழுந்த சூட்டில் அவள் படுப்பாள்.
இப்போது கட்டிலுக்கடியில் மூங்கில் சிம்பு;
ராயக்கோட்டையில் தக்காளிக் கூடை முடைகிறவரிடம்
பேரம் பேசி நான்தான் வாங்கிவந்தேன்.
மஞ்சளுக்கு ஆர்க்கிட் தண்டு வேண்டுமாம்.
கம்பெனிப் பெட்டிகளைக் கட்டிவரும் பிளாஸ்டிக் நாடா
கிட்டத்தட்ட அதே மஞ்சள்.

படத்தில் அடிப்பக்கம் இல்லை.
யாருக்கும் கவிழ்த்துப் பார்க்கத் தோன்றவில்லை போல.
மூன்று முறை பின்னி மூன்று முறை பிரித்தாள்.
நாலாவது
அவளே யோசித்தது.

நேற்று தண்ணி கேன்காரர் கேட்டோடு போய்விட்டார்.
லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி.
பின்னிய பட்டையை நெற்றியில் மாட்டி,
இருபது லிட்டரைக் கூடையில் இறக்கி,
செருப்பைக் கழற்றிவிட்டு
கைவீசி ஏறினாள்.
கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.
படி முழுக்க
எனக்குத் தெரிந்தது அந்த அடிப்பக்கம்தான்.