பனிச்சாலையில் பெல்ட் போடக் கூடாது

எழுதிக்கொள்ளுங்கள், அதிகாரி.
கடல் உறைந்தால் ஹீயுமா தீவுக்குக்
கடல் மேலேயே கார் ஓட்டிப் போவோம்.
குழந்தைக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு:
பனிச்சாலையில் பெல்ட் போடக் கூடாது.
பனி விரிசல் விட்டால்
கதவைத் திறக்க ஒரு மூச்சு நேரம்தான்.

அன்று மாலை நான் வீட்டில் இருந்தேன்.
உருளைக்கிழங்கு வேகவைத்து
மூன்று தட்டு எடுத்து வைத்தேன்.
இரண்டு.
தாவெத் தனியாகத்தான் கிளம்பினார்.

இல்லை, கிழங்கு முந்தைய நாள்.
அதை அடித்துவிடுங்கள்.
மணம் நினைவிருக்கிறது, நாள் நழுவிவிட்டது.

பாதி வழியில் வானொலியில்
காற்றின் வேகம் வாசித்தார்கள்.
தாவெத் ஒலியைக் குறைத்தார்.
எப்படித் தெரியுமா?
எப்போதும் குறைப்பார்.
கணவன் விரல் போகும் இடம்
மனைவிக்குத் தெரியாதா?

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள்.
நான் சொல்வது எங்குமே பொருந்தவில்லை, பாருங்கள்.
அதனாலேயே இது உண்மை.

என்ன, பக்கத்து இருக்கையிலா?
பெல்ட் பூட்டியா?
மறதிக்காரர். மாத்திரை போட்டால் அப்படித்தான்,
காரில் ஏறியதும் தூங்கிவிடுவான்,
தலை என் தோளில் சாயும்.
சாய்ந்திருக்கும்.
யார் தோளிலோ.

அப்படியானால் ஓட்டியது யார் என்று
என்னைக் கேட்டால் எப்படி?
மூழ்கிப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.
ஓட்டுநர் இருக்கையை யாரோ
முன்னால் இழுத்துப் போட்டிருந்தார்களாமே,
ஸ்டீயரிங்கில் மார்பு இடிக்கிற அளவுக்கு.
அதிலிருந்தே தெரியவில்லையா?
மாரிகா நல்ல உயரம்.
அவள் கால் அங்கே மடங்காது.

ஏன் பேனாவை வைத்துவிட்டீர்கள்?

ஆமாம், நான்தான் மாரிகா.
உட்கார்ந்தால் குள்ளமாகத் தெரிவேன்.
கோட்டின் கை நீளம்தான், இப்போது இதுதானே மோஸ்தர்.
கையெழுத்து எங்கே போட வேண்டும்?
முழுப் பெயரா, முதலெழுத்து போதுமா?

ஒன்று கேட்கலாமா?
கிரேன் என்றைக்கு வருகிறது?
பனி உருகட்டுமே, என்ன அவசரம்.
கார் பழைய கார்.
டிக்கியில் ஒன்றுமில்லை,
ஒரு ஸ்பேர் டயர், ஒரு மண்வெட்டி.

டிக்கியைப் பற்றி
நீங்கள் கேட்கவில்லையா?

கேட்டதாக நினைத்தேன்.