பதினோராவது நிமிடம்

கோஜாம் மேட்டுநிலத்தில்
டெஃப் வயல்களுக்கு நடுவே
தேவாலயத்தைச் சுற்றி மட்டும் காடு.
கல்மதில் வரைக்கும் கலப்பை.

கடிகாரத்தை அழுத்துகிறாள் வெர்க்நேஷ்.
பத்து நிமிடம் அசையக் கூடாது,
பேசக் கூடாது.

வெப்பம்: போன ஆண்டைவிட ஒன்றரை டிகிரி கூட.
மரநிழல்: பாதி.
சாணம்: புதியது.
துராக்கோ:

உழுதுகொண்டிருந்த அட்மாசு
மதிலில் கைபோட்டுக் கேட்கிறார்:
"வெயில் விரட்டியதா, என் ஏரா?"
உதட்டில் விரல் வைக்கிறாள்.
மூன்று வருடக் கணக்கிலும்
பிரிக்க வராத சிக்கு அது.

பூஜ்யம் எழுதி
பேனாவை மூடினாள்.
அத்தியின் உச்சியில் கரகரவென ஒரு குரல்.
இருவரும் அண்ணாந்தார்கள்.
ஒரு சிவப்பு, இறக்கையளவு.

பதினோராவது நிமிடத்துக்குத்
தாளில் கட்டம் இல்லை.
ஓரத்தில்,
எந்தக் கூட்டலிலும் சேராமல்,
ஒரு புள்ளி வைத்தாள்.

அட்மாசு மாடுகளைத் திருப்பினார்,
மதிலை ஒட்டியே.