எட்டாம் மாதம், ராயக்கோட்டை

108-ஐக் கதவில் சாக்பீஸால் எழுதியாயிற்று.
மண்டிக்குத் தக்காளி ஏற்றும் தம்பி மாதேஷ்
வண்டியை இரவில்
மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்துகிறான்.
அப்பாவின் பீடிக்கட்டு
மாட்டுக்கொட்டகைக்குக் குடிபோயிற்று.
நான் ரசம் வைத்தேன்.
உப்பைப் பற்றி முனிரத்னா ஒன்றும் சொல்லவில்லை;
இரண்டாம் கரண்டி கேட்கவுமில்லை.

ஐந்து வயது சைத்ராதான் கேட்டாள்:
"பாப்பா வந்தா நான் எங்க படுக்கறது?"

கட்டிலை அளந்தோம். சுவரை அளந்தோம்.
விடை அகப்படவில்லை.

இன்று காலை
செங்காய்த் தக்காளி ஒன்றைத் துண்டில் சுற்றி
மடியில் வைத்திருந்தாள்.
காம்புப் பக்கம் தலை போலும்,
அங்கே கை கொடுத்துத் தாங்கியிருந்தாள்.
நர்ஸம்மா அவள் அம்மாவுக்குச் சொன்னதை
எந்த மூலையில் நின்று கேட்டாளோ.

கட்டிலில் உட்கார்ந்திருந்த என்னை
முழங்கையால் இடித்து,
"தள்ளுப்பா,
நாங்க படுக்கணும்" என்றாள்.