கடைசிக் கை

மூன்றாம் நாள் இளஞ்சேரனின் இடது இமை
பாதி இறங்கியது.
நான்காம் நாள் வலது கை
டீ கிளாஸை விட்டுவிட்டது.
இருபத்தொன்பது வயது. அறுவடை மெஷின் ஓட்டுகிறவன்.
தஞ்சாவூர் மெடிக்கல் வார்டுக்கு வெளியே
அவன் அக்கா கயல்விழி
என்னை ஒன்றும் கேட்கவில்லை.
என் கைகளைப் பார்த்தாள்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் என் சலூன்.
ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஷேவிங்.
பவுடர் துடைத்து
முகவாயில் ஒரு கை, உச்சியில் ஒரு கை,
இந்தப் பக்கம் ஒரு சொடக்கு,
அந்தப் பக்கம் ஒன்று.
பத்து ரூபாய் சேர்த்துத்தான் கொடுத்தான்.

டியூட்டி டாக்டர் சின்னப் பெண்.
கழுத்துக் குழாயின் உள்சுவர் கிழிந்திருக்கிறது,
கிழிசலுக்குள் ரத்தம் புகுந்து வழியை அடைக்கிறது என்றார்.
பிறகு கேட்கத் தொடங்கினார்.
காய்ச்சல்?
மழையில் நனைந்து பத்து நாள் இருமல்.
எங்காவது விழுந்தானா?
இல்லை, வரப்பில் மெஷின் ஒருமுறை தூக்கிப்போட்டது.
ஒற்றைத் தலைவலி?
பள்ளிக்கூடத்திலிருந்தே.
பிரஷர்?
பார்த்ததே இல்லை.
கட்டைவிரல் மணிக்கட்டைத் தொடுமா?
கயல்விழி சிரித்துவிட்டாள், அந்த இடத்தில்.
அதைக் காட்டித்தான் வகுப்பில் மிட்டாய் ஜெயிப்பான்,
எனக்கும் தொடும் என்று வளைத்தாள்.
டாக்டர் சிரிக்கவில்லை.
வீட்டில் யாராவது, சின்ன வயதில், திடீரென்று?
சித்தப்பா. முப்பத்துநாலு.
வெண்ணாற்றில் குளித்து வந்து
தலை துவட்டும்போது சாய்ந்தார்.
காத்து கருப்பு என்றார்கள்.
அதையும் எழுதிக்கொண்டார்.

அப்போ என் கை, என்றேன்.
இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
நெசவே தளர்வு என்றால் ஒரு தும்மல் போதும்.
எதற்கும் இனி யார் கழுத்தையும் திருப்பாதீர்கள்.

வெண்ணாற்றுக் கரை உடைந்த வருஷம்
ஆபீசர்கள் வந்து அளந்தார்கள்.
நண்டு வளையா, எலி வளையா,
மணல் லாரியா, மேலே திறந்த தண்ணீரா.
தாள் தாளாக எழுதிப் போனார்கள்.
ஊர் வாயில் மட்டும்
அன்றிரவு கடைசியாகக் கரைமேல் சைக்கிளில் போன
பால்காரர் பெயர்.

எங்கள் சாதிக்கு மருத்துவர் என்று பெயர்.
படிவத்தில் அதே சொல் அச்சடித்த கட்டத்தில்
அந்தப் பெண் கையெழுத்துப் போடுவதை
பெஞ்சிலிருந்து பார்த்தேன்.

ஒன்றை அவரிடம் சொல்லவில்லை.
அந்த ஞாயிறு அவன் கழுத்து
மற்ற கழுத்துகள்போல் மறுக்கவில்லை.
ஊறவைத்த வாழைநாராக
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
கூடவே வந்தது.
கை பழகிவிட்டது என்று
எனக்குள் ஒரு மிதப்பு.

இன்றைக்கும் கேட் அடைத்திருக்கிறது.
நாற்காலியில் இருப்பவர் தலையைச் சாய்த்து
ஒரு சொடக்குண்ணே என்கிறார்.
துண்டை உதறுகிறேன்.
கட்டைவிரலைக் கொஞ்சம்
வளைச்சுக் காட்டுங்க, என்கிறேன்.