இடக்கையன்

ஒரே பலகையில் இரண்டு மொழி எழுதும் ஊர், பீல்.
இரண்டிலும் நான் தாமதம்.
ரயில் நிலையக் கோப்பிக்கடையில்
வேலை உடுப்போடு காத்திருந்தார்
வதனரூபி தியாகலிங்கம்.
ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் பன்னிரண்டு வருடம்.
விரல் நுனிகளில் ரேகை அழிந்திருந்தது.
"என்ர போனே என்னை அடையாளம் காணுதில்லை"
என்று எண்களைத் தட்டியபடி சிரித்தார்.

பதினாறு கேள்விகள் கொண்டுபோயிருந்தேன்.
முதலாவது: எப்போது எழுதுவீர்கள்?

"இஸ்திரி மெஷின் ஒரு விரிப்பை விழுங்கித் துப்ப
நாற்பது செக்கன்.
அதுக்குள்ள ஒரு வசனம் கட்டுவன்.
நீண்டால் மறந்துபோம்.
அதாலதான் என்ர வசனங்கள் கட்டை.
விமர்சகர் ஒருத்தர் அதைச் செறிவு எண்டு எழுதினவர்.
நான் மறுக்கேல்லை."

ஏன் எழுதுகிறீர்கள் என்றதற்கு
சீனி போடாத தேநீரை
நாலு தரம் கலக்கினார்.

ஒன்பதாவதைக் குரல் தாழ்த்தித்தான் கேட்டேன்:
உண்மை மனிதர்களை எழுதப் பயமில்லையா?

கரண்டி நின்றது.

"முதல் புத்தகத்தில ஒரு பெடியன் வருவான்.
பேரை மாத்தினன், ஊரை மாத்தினன்,
சைக்கிளுக்குக்கூட வேற நிறம்.
சாவை மட்டும் மாத்தேல்லை."

புத்தகம் வந்து ஏழாம் மாதம்
பனி கொட்டிய ஒரு ஞாயிறு
லுகானோவிலிருந்து ஒருவர் வந்து
கதவடியில் நின்றாராம்.
கையில் அந்தப் புத்தகம்.
நாற்பத்தோராம் பக்கத்தில் செருகிய பஸ் டிக்கெட்.
"நான் அவன்ர தமையன்."

"அடிப்பார் எண்டு நினைச்சன்.
வழக்குப் போடுவார் எண்டு நினைச்சன்.
அழுவார் எண்டு கொஞ்சம் ஆசையும் பட்டன்,
அதையும் எழுதிக்கொள்ளும்.
எழுதுற ஆக்களுக்கு இந்த வருத்தம் இருக்கு."

சப்பாத்தைக் கழற்றாமலே
அவர் சொன்னது இவ்வளவுதான்:
"எல்லாம் சரி, தங்கச்சி.
ஆனா அவன் இடக்கையன்."

பிறகு தேநீர். பிஸ்கட் இரண்டு.
ஐந்தேகாலுக்கு ரயில்.

"ஒரு சொல்லைத் திருத்தினாக் காணும் எண்டு இருந்தன்.
தேடினா, வலது எண்டு நான்
எங்கயுமே எழுதேல்லை.
ஆனா நெருப்புக்குச்சி உரசின கை,
காத்தை மறைச்ச கை,
படலையைப் பிடிச்சபடி நிண்ட கை,
எல்லாம் வலதுதான், என்ர கை.
கையை மாத்தினா அவன் நிக்கிற பக்கம் மாறுது.
பக்கம் மாறினா
அவன் பார்க்கிறது மதிலை இல்லை,
ஒழுங்கையை.
ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நிண்டவன்
வந்தவங்களைக் கண்டிருப்பான்."

ஒலிப்பதிவில் இந்த இடத்தில்
ஜெனீவா வண்டி நான்காம் மேடைக்கு வருவதாக
ஜெர்மனில் ஒரு குரல்.
பிறகு அதையே பிரெஞ்சில்.

"கண்டவன் ஏன் ஓடேல்லை?
முதல் பதிப்பில அந்தக் கேள்வியே இல்லை."

இரண்டாம் பதிப்பு
நாற்பத்து மூன்று பக்கம் கூடிப்போனது.

பதில் கிடைத்ததா என்றேன்.
என் பட்டியலில் இல்லாத கேள்வி அது.

"தமையனுக்கு ஒரு பிரதி அனுப்பினன்.
காட் ஒண்டு போட்டார்:
கிடைத்தது, இன்னும் பிரிக்கவில்லை.
அது நாலு வருசத்துக்கு முன்னம்."

மிச்சம் ஏழு கேள்விகளை
மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.
முதல் வாசகர் யார் என்பதும் அதற்குள் இருந்தது.

தூண் நகரத்து வீட்டில்
இரவிரவாக ஒலியை எழுத்தாக்கி,
கடைசியில்
"வதனரூபி கையசைத்து விடைபெற்றார்"
என்று போட்டுவிட்டு
எழும்பப் பார்த்தேன்.

எந்தக் கை?

ஒன்றில் பை இருந்தது. மற்றதில்
கையுறை இருந்ததா, இல்லையா?
அசைத்தாரா என்பதே இப்போது நிச்சயமில்லை.

அந்த வரியை வெட்டி
"ரயில் வந்தது" என்று எழுதினேன்.
அதுவும் முழு உண்மையில்லை.
ரயில் பதினொரு நிமிடம் பிந்தியது.
அதுவரை மேடைக் குளிரில் நின்று
நாங்கள் கத்தரிக்காய் விலையைத்தான்
பேசிக்கொண்டிருந்தோம்.