வாங்கின மீன்

கிள்ளானிலிருந்து வந்தவள் என்றதும்
"அது எந்தப் பக்கம், பொன்னேரி தாண்டியா?" என்றாள் தேசம்மா.
கடலுக்கு அந்தப் பக்கம் என்றேன்.
"அப்ப நேரா எதிர் வூடுதான்" என்று
பையை வாங்கி உள்ளே வைத்தாள்.

எண்ணூரில் மூன்று வாரம்.
ஆற்று நீரைப் புட்டியில் பிடித்து
தேதியும் நேரமும் எழுதி ஒட்டுவது என் வேலை.
இடுப்பளவு சாம்பல் சேற்றில் நின்று
கன்னியப்பன் படகைத் தள்ளுவார்.
நான் கையுறையோடு குனிவேன்.
அவருக்கும் ஒரு ஜோடி தரலாமே என்று
நான்காம் நாள்தான் எனக்குத் தோன்றியது.
போட்டுப் பார்த்துவிட்டு, வலை கைக்குத் தெரியவில்லை என்று
மடித்துத் திருப்பித் தந்தார்.

வீட்டில் ஒரே ஒரு டேபிள் ஃபேன்.
ராத்திரி அதன் முகம் என் பக்கமே நிற்கும்.
சுற்றவிடுங்கள் அக்கா என்றால்
"அதுக்குக் கழுத்து ஒடஞ்சிட்ச்சி" என்பாள்.
சாயங்காலம் மோனிஷா வீட்டுப்பாடம் எழுதும்போது
அது நன்றாகத்தான் தலையாட்டியது.

என் தமிழ் அங்கே ஒரு வேடிக்கை.
"பசியாறிட்டீங்களா?" என்று காலையில் யாரைக் கேட்டாலும்
குட்டிப் பிள்ளைகள் பின்னாலேயே வந்து
பசியாறு பசியாறு என்று கத்தும்.
நாலு வீடு தாண்டுவதற்குள்
எவளாவது ஒருத்தி தட்டோடு வழிமறிப்பாள்.
ஐயோ, நான் சும்மா விசாரித்தேன் என்றால்
"தெரியும். துன்னு."

தினமும் என் தட்டில் வஞ்சிரம்.
வட்டத் துண்டு, நடு முள் எடுத்தது.
பத்தாம் நாளோ பதினோராம் நாளோ
வேலைப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்:
இது எங்கே பிடிச்சது?
கன்னியப்பன் பக்கத்திலேயே இருந்த செம்பைத் தேடினார்.
மோனிஷாதான் சொன்னாள்,
"அப்பா காசிமேட்டுல வாங்கினு வந்துச்சு. ஒனக்கு."

மீன் பிடிக்கிறவர் வீட்டில் வாங்கின மீன்.
தெரிந்தவர் கண்ணில் படாமல்
பைக்குள் பை வைத்துக் கொண்டுவந்திருப்பார்.

அவள் தட்டில் மடவை.
என் ஐஸ் பெட்டியில் எண் ஒட்டிப் படுத்திருக்கிற
அதே ஆற்று மடவை.

முதல் நாள் இதே தரையில் உட்கார்ந்து
நான்தான் படிவம் நிரப்பினேன்.
வாரத்தில் எத்தனை நாள் ஆற்று மீன்?
"கெடைக்கிற அன்னிக்கெல்லாம்."
பிள்ளைகளும் சாப்பிடுவார்களா?
"பின்ன?"
அந்த இடத்தில் என் பேனா நின்றதை
அவள் பார்த்திருக்கிறாள்.

குழம்புச் சட்டியை என் பக்கம் இழுத்தேன்.
கரண்டிக் காம்பால் கையைத் தட்டினாள் தேசம்மா,
வலிக்கவில்லை, ஆனால் தட்டினாள்.
"உனுக்கு வேணாம்.
நீ நல்லபடியா ஊரு போயி சேரணும்ல."

மறுநாளும் வஞ்சிரம். சாப்பிட்டேன்.
ருசியாக இருந்தது.
இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்.

கிளம்புகிற அன்று
தினத்தாளில் மூன்று சுற்று, அதன்மேல் பாலித்தீன்,
அதன்மேல் மோனிஷாவின் பழைய ரிப்பன்.
நெத்திலிக் கருவாடு.
"கடல் மீனு. பயப்படாத" என்று
பையின் அடியில் அவளே திணித்தாள்.

கோலாலம்பூர் சுங்கத்தில்
பொட்டலத்தைப் பிரித்த அதிகாரி
மூக்கைச் சுளித்தபடி கேட்டார்,
எங்கே பிடித்தது?
நான் தண்ணீர்ப் புட்டியைத் தேடினேன்.
கடையில் வாங்கினது, என்றேன்.