மணம்

முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஏறினால்தான்
இரண்டு கோடு சிக்னல்.
ஆனபடியால் சீவரத்தினத்தாரை
மோட்டச்சைக்கிளில் ஏற்றிக் கட்டுக்கே கொண்டுவந்தேன்,
பொய்க்கால் அவர் மடியில்.

திரையில் டொக்டர், மாங்குளத்திலிருந்து:
"இன்னும் கிட்ட... இன்னும்."
துண்டித்த காலின் நுனியில்
ஒரு ரூபாய்க் குற்றியளவு புண்.
வெயில் பட்டுப் படம் வெளுக்கிறது.
என் குடையை விரித்து நிழல் பிடிக்கிறார்
புண்ணுக்கு உரியவரே.

"மணம் இருக்கா மிஸ்?"

இதற்கு எந்த டேட்டாவும் காணாது.
குனிந்தேன்.
குளத்துச் சேறு, டெட்டோல், வேர்வை,
அதற்கும் அடியில்
இனிப்பாய் அழுகத் தொடங்கிய ஏதோ.
"இருக்கு டொக்டர். நேற்று இல்லை."

மருந்தை மாற்றச் சொல்லும்போதே
வாய் திறந்தபடி உறைந்துபோனார்.
பெயரில் பாதிதான் வந்தது.

மிச்சப் பாதியைத் தாதியர் குழுவில் கேட்டேன்.
துணுக்காயிலிருந்து யாழரசி:
"ஊகிக்காதை. நான் வோட்டுக்கு எடுத்துக் கேக்கிறன்."
பதினொரு நிமிடம்.
ஒரு கொக்கு இடம் மாறி நின்றது.
பிறகு ஒவ்வோர் எழுத்தாய் வந்தது மருந்து,
அளவு, வேளை,
"ஒவ்வாமை கேட்டனியோ?"

அவளை நான் நேரில் கண்டதில்லை.
அவசரத்தில் அவள் விடும் எழுத்துப்பிழைகள் மட்டும் தெரியும்.

"ஆர் பிள்ளை அது?"
குடையை மடக்கியபடி கேட்டார்.
"என்னோட வேலை செய்யிறவ" என்றேன்.